ஒரு ஜீப் முழுக்க ஒரே நெட்வொர்க்

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் காலை ஐந்தே முக்காலுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் பாதி டீ சட்டையில்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் இதை எழுதுகிறேன். நான் மூன்று வருடம் நின்ற குடைக்குக் கீழேதான் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். இருபத்தேழு வயதில் ரிட்டயர்டு என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் ரோட்டோரம் குடை போட்டு சிம் விற்கிற வேலையில் மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் அது ஒரு முழு சர்வீஸ். கிளம்பும்போது டீம் லீடர், "பசங்களுக்கு உற்சாகமா ஏதாச்சும் எழுதிக் குடுத்துட்டுப் போப்பா" என்றார். உற்சாகமாகத்தான் ஆரம்பிக்கிறேன். கடைசி வரை அப்படியே போகும் என்று சொல்ல முடியாது.

அப்போது நம் குடை பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்தது. பஸ்ஸுக்கு ஓடுகிற மனிதரை மறித்து, "அண்ணே, நம்பர் மாறாது, கம்பெனி மட்டும்தான் மாறும்" என்று போர்ட் செய்வதைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அவர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருப்பார். ஜீப் ஸ்டாண்டு வேறு மாதிரி. மலைக்கு மேலே, கேரளப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்தில் தூக்குச்சட்டி, மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள், கையில் போன். ஒரு ஜீப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். வருடக்கணக்காக அதே ஆட்கள். ஒரு ஜீப்பில் போகிறவர் இன்னொரு ஜீப்பில் ஏறிப் பார்த்ததில்லை.

ஜீப் டிரைவர் வண்டி ஓட்டுவதோடு நிற்கிறவரும் இல்லை. எந்தத் தோட்டம், எத்தனை ஆள், யாருக்கு நாளைக்கு வேலை, எல்லாம் அவர் வாய்தான். அன்றைக்கு தாஸ் அண்ணன் என்கிற டிரைவர் பானெட்டைத் தட்டி, "ஏத்தா, அந்தக் கடையில பன்னு பழசு. இங்கிட்டு வாங்குங்க" என்றார். அவர் ஜீப்பின் பதினோரு பெண்களும் எழுந்து எதிர்க்கடைக்கு நடந்தார்கள். ஏன் என்று ஒருவர் கேட்கவில்லை.

டிரைவரை நம் கம்பெனிக்கு மாற்றினால் ஜீப்பே மாறும். இவ்வளவுதான் யோசனை. டீ கொட்டியது அப்போதுதான்.

மறுநாளே குடையைத் தூக்கிக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். தாஸ் அண்ணனுக்கு ஒரு ப்ளூடூத் இயர்போன் இலவசம். அவர் போர்ட் ஆனார். ஆனவுடன் திரும்பிப் பார்த்து, "தம்பி நல்ல பிளானு வச்சிருக்காப்ல" என்று மட்டும் சொன்னார். குடைக்கு முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

"ஏந்தம்பி, இந்த சிம்முல கங்காணி போனு மட்டும் வராம பண்ண முடியுமா?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"அதுக்குத் தனி பிளான் இருக்குக்கா. ரேட்டு கூட."

"எம்புட்டுன்னாலும் குடுத்துருவோம்ல!"

ஸ்டாண்டே சிரித்தது. நானும் நன்றாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில், அதே ஜீப்பில் போகிற முருகேஸ்வரி அக்கா போனை நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேல எடுக்குமா தம்பி?"

நம் கம்பெனி ஆப்பைத் திறந்து மேப்பைக் காட்டினேன். நம் நிறம் கம்பத்தில் ஆரம்பித்து, மலையேறி, உச்சியில் எல்லையாக இருக்கிற மெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டங்களுக்குள் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு அங்கேயே ஸ்பீடு டெஸ்ட் வேறு ஓட்டிக் காண்பித்தேன். டவர் எங்களுக்கு நூறு அடியில் நின்றது. நான் ஈசிஇ படித்தவன். நடுவில் மலை வந்தால் சிக்னலுக்கு என்ன ஆகும் என்று பரீட்சையில் படம் போட்டுப் பதின்மூன்று மார்க்குக்கு எழுதியவன்.

"ஃபுல்லா எடுக்கும்க்கா" என்றேன்.

அந்த ஜீப் முழுவதும் ஒரே காலையில் முடிந்தது. டீம் குரூப்பில் கைதட்டல் மேல் கைதட்டல். நம் கம்பெனிக் கடையில் கவுண்டர் பார்க்கிற சுகந்தி மட்டும், "ஏலே எஞ்சினியரு, இவுக பகலெல்லாம் எங்கன இருப்பாகன்னு கேட்டியா?" என்றாள். மேப்பை அவளுக்கும் காட்டினேன்.

பத்து நாள் கழித்து முருகேஸ்வரி அக்கா கடைக்கு வந்தார்.

"தம்பி, மெட்டத் தாண்டுனா சிக்னலு ஒரு கோடு நிக்க மாட்டேங்குது. முன்னாடி காய் ஒணத்துற ஸ்டோருகிட்டப் போனா ரெண்டு கோடாச்சும் நிக்கும். பழசுக்கே மாத்திக் குடுங்க."

"தொண்ணூறு நாள் ஆகணும்க்கா. அதுதான் ரூல்."

"அம்புட்டு நாளா? அன்னைக்கி இதச் சொல்லலயே நீங்க."

சொல்லவில்லைதான். அதற்கு மேல் இன்னொன்றும் செய்தேன். "அங்கன புது டவர் வருதுக்கா, வேலை நடந்துக்கிட்டு இருக்கு" என்றேன். அப்படி ஒரு டவரைப் பற்றி எனக்கு எந்தத் தகவலும் கிடையாது. வாய் தானாகச் சொன்னது. அவர், "அப்பச் சரி, நீங்க சொன்னாச் சரிதான்" என்று போய்விட்டார்.

ஒரு விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் கை வைப்பதற்கு முன்பு அந்த ஜீப்பில் மூன்று கம்பெனி சிம்கள் கலந்து இருந்தன. மேலே யார் போனில் கோடு நிற்கிறதோ அதை எல்லோரும் வாங்கிப் பேசிக்கொள்வார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, அவரவர் வாங்கியபடி அமைந்தது. அதை நான் ஒரே நிறமாக்கினேன். இப்போது ஒரு போன் செத்தால் பன்னிரண்டும் செத்தது, டிரைவர் போனையும் சேர்த்து.

தொண்ணூறு நாள் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு மதியம் இரண்டரை மணிக்கு முருகேஸ்வரி அக்காவின் வீட்டுக்காரர் கருப்பையா அண்ணன், வாழைக்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறவர், சட்டையில் வாழைக்கறையோடு கடைக்குள் வந்தார். பின்னாலேயே மகள் காவ்யா. ராயப்பன்பட்டியில் பிளஸ் டூ முடித்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"அண்ணே, எங்க அம்மா போனுக்கு எப்படியாச்சும் லைன் கெடைக்குமா?" என்றாள்.

அவளுக்கு மதுரையில் அரசுக் கல்லூரியில் நர்சிங் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அன்று மாலை ஐந்து மணிக்குள் இணையதளத்தில் சம்மதம் என்று அழுத்த வேண்டும். அழுத்தினால் ஒரு ஓடிபி வரும். அதைப் போட்டால்தான் இடம். விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது அம்மாவின் நம்பர். முந்தின இரண்டு சாயங்காலமும் தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தாள். அம்மா பழக்கதோஷத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

"ஈமெயிலுக்கு வராதா?"

"அது பிரவுசிங் சென்டர் அண்ணன் உண்டாக்குன மெயிலுண்ணே. பாஸ்வேர்டு அவருக்கே ஞாபகம் இல்லையாம்."

கருப்பையா அண்ணன் தாஸ் அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஜீப்பில் இருந்த மற்றப் பெண்களின் நம்பர்களைக் காவ்யா ஒவ்வொன்றாகப் போட்டாள். எல்லாம் அதே குரல், அதே வாக்கியம். நம் கம்பெனியின் குரல்.

சுகந்தி சட்டென்று சொன்னாள். "பைக்க எடு. இப்பக் கிளம்புனா நாலு நாலேகாலுக்குத் தோட்டத்துக்குப் போயிரலாம். அக்காவ ஏத்திக்கிட்டு மெட்டு வரைக்கும் வந்தாப் போதும், அங்கன சிக்னல் இருக்கு." பிறகு வாசலுக்குப் போய் மேற்கே பார்த்தாள். கம்பத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மலை தலை தெரியாமல் கறுத்துக் கிடந்தது. "நீ போகலேன்னாலும் அவுகளே வந்தாலும் வந்துருவாக. இந்த மழைக்குக் காய் எடுக்க விட மாட்டாக. சீக்கிரம் எறக்கி விட்டுருவாக."

அவள் சொன்ன இரண்டுமே சரி. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. ஒன்றில் மழையில் மலையேற வேண்டும், இன்னொன்றில் சும்மா உட்கார வேண்டும். எனக்கோ கையில் ஒரு பட்டன் வேண்டும்.

"கனெக்சன் யார் பேருல இருக்கு?" என்று சிஸ்டத்தில் பார்த்தேன். கருப்பையா அண்ணன் பெயரில் இருந்தது. ஆள் எதிரிலேயே நிற்கிறார், ஆதார் சட்டைப்பையில் இருக்கிறது. "மலைக்கெல்லாம் எதுக்குப் போகணும்? டூப்ளிகேட் சிம் போட்டுருவோம். அதே நம்பரு காவ்யா போன்லயே வேல செய்யும். மேல இருக்குறது செத்துப்போகும், அவ்வளவுதான்."

காவ்யா முகத்தில் வெளிச்சம் வந்தது. கருப்பையா அண்ணன், "படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளைதான்யா" என்றார். அந்த வார்த்தைக்காகவே இன்னும் வேகமாகத் தட்டினேன். படம் எடுத்தேன், விரல் வைக்கச் சொன்னேன், 'அனுப்பு' பட்டனை அழுத்தினேன். வழக்கமாக மணிக்கணக்கில் இழுக்கிற வேலை அன்றைக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. மூன்றரை மணிக்குப் புது சிம் காவ்யாவின் போனில், கோடுகள் நிறைந்து நின்றன.

"போடு தங்கச்சி" என்றேன். அவள் சம்மதம் அழுத்தினாள்.

ஒன்றும் வரவில்லை.

"நெட்வொர்க் செட் ஆகணும். திரும்பப் போடு."

மறுபடியும் இல்லை. போனை அணைத்துப் போட்டோம். இல்லை. மூன்றாவது தடவை அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுகந்தி கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, யாருக்கும் கேட்காத மாதிரி, "டேய். எஸ்எம்எஸ்ஸு" என்றாள்.

டூப்ளிகேட் சிம் போட்டால் முதல் இருபத்துநாலு மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. திருட்டுத்தனமாக யாராவது சிம் எடுத்து பேங்கு ஓடிபியைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. எனக்குத் தெரியாத விஷயமா? வாரத்துக்கு நாலு பேரிடம், "நாளைக்கு வந்துரும்க்கா, கவலப்படாதீக" என்று மனப்பாடமாகச் சொல்கிறவன் நான். பதற்றத்தில் தெரிந்தது மறந்துபோகும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று எனக்கு இருந்தது பதற்றமே இல்லை, குஷி. பட்டன் கிடைத்த குஷி.

அவர்களிடம் சொன்னேன். கருப்பையா அண்ணனுக்குப் புரியவில்லை. காவ்யாவுக்கு உடனே புரிந்தது.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்குக் கருப்பையா அண்ணன் போன் அடித்தது. தாஸ் அண்ணன் நம்பர். அவர் ஸ்பீக்கரில் போட்டார். மழைச் சத்தத்துக்கு நடுவில் முருகேஸ்வரி அக்காவின் குரல்.

"ஏங்க, நாந்தான். மேல ஒரே மழை, வேலைய நிறுத்திட்டாக. இப்ப மெட்டுக்கு வந்துட்டோம். எல்லாரு போன்லயும் கோடு வந்துருச்சு, எம்போனு மட்டும் சிம்மே இல்லேங்குது. பாப்பா ஏதோ நம்பர் வரும்னுச்சே, அது வந்துருக்குமேன்னு பாக்குறேன், போனே செத்துக் கெடக்கு. தாசு போன வாங்கித்தான் பேசுறேன்."

அந்த நேரத்தில் ஐந்து மணிக்கு இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது. நான் அந்தப் பட்டனை அழுத்தாமல் இருந்திருந்தால், எதுவுமே செய்யாமல் ஒரு டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால், மெட்டில் அவர் போனில் ஓடிபி வந்திருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மிச்சம் ஐம்பத்துநாலு நிமிடம்.

கல்லூரிச் சேர்க்கை உதவி எண்ணைக் கூப்பிட்டோம், மூன்று போனிலிருந்து. காத்திருக்கச் சொல்லும் இசை மூன்றிலும் ஒரே நேரத்தில் ஓடியது. ஐந்து மணிக்குக் காவ்யாவின் திரையில் நேரம் முடிந்தது என்று வந்தது. அவள் அழவில்லை. ஃபைலை மூடி ரப்பர் பேண்டைப் போட்டாள்.

"நாளைக்கு எஸ்எம்எஸ் வந்துரும்லண்ணே?"

"வரும்."

"வந்து?" என்றாள்.

ஆறு மணிக்கு முருகேஸ்வரி அக்கா நேராகக் கடைக்கே வந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, கையில் ஏலக்காய் வாசம். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காராமல் நின்றார். பிறகு மகளைப் பார்த்து, "எம்மேலதான் தப்பு ஆத்தா. போன வச்சுட்டுப் போன்னு படிச்சுப் படிச்சுச் சொன்ன. நாந்தான் கூறுகெட்டதனமாக் கொண்டு போயிட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்களும் உங்களால முடிஞ்சதப் பாத்தீக தம்பி" என்றார்.

தம்பிகளா, தங்கச்சிகளா, இதை எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான். ஆப் பொய் சொல்லும் என்பதெல்லாம் நீங்களே ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் சிக்னல் பார்க்காதே, அவர் பகலைக் கழிக்கிற இடத்தில் பார் என்பதை சுகந்தி முதல் நாளே சொல்லித் தருவாள், கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் ஒரு வேலையைச் செய்வதற்கு முன் அதைத் திரும்பப் பெற முடியுமா என்று பாருங்கள். பைக்கில் போயிருந்தால் பாதியில் திரும்பியிருக்கலாம். செத்த சிம்மை உயிர்ப்பிக்க வழி இல்லை. இதெல்லாம் தொழில். ஆனால் அந்த நிமிடம் "இல்லக்கா, நீங்க கொண்டுபோனது தப்பே இல்ல, நான் கை வைக்காம இருந்திருந்தா இடம் கெடச்சிருக்கும்" என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கருப்பையா அண்ணனுக்குக் கணக்குப் பிடிபடவில்லை. காவ்யாவுக்குப் பிடிபட்டிருக்கும் என்றே நினைக்கிறேன், அவளும் சொல்லவில்லை. ஆக, அந்த அம்மா தன் மேல் தப்பு என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். நான் ஷட்டரை இறக்கினேன்.

மறுநாள் சாயங்காலம் அந்த சிம்முக்கு வந்த முதல் எஸ்எம்எஸ் நம் கம்பெனியிலிருந்து. உங்கள் பிளானில் தினமும் நூறு எஸ்எம்எஸ் இலவசம் என்று. காவ்யா ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள்.

அதற்குப் பிறகும் பல மாதம் அதே வேலையில்தான் இருந்தேன். டார்கெட் முடித்தேன், பரிசாக ஒரு டிராலி பேக் கூட வாங்கினேன். ஜீப் ஸ்டாண்டுப் பக்கம் மட்டும் குடை போடவில்லை, ஏன் என்று டீம் லீடர் கேட்டபோது அங்கே நிழல் இல்லை என்றேன்.

காவ்யா அந்த ஒரு வருடம் மெடிக்கல் கடையில் வேலை பார்த்தாள். இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். பதினெட்டு முடிந்து சொந்தமாக ஒரு சிம் எடுத்து அந்த நம்பரைக் கொடுத்திருக்கிறாள். நம்மிடம் எடுக்கவில்லை, வேறு கம்பெனி. சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

போன வாரம் வேலையை விட்ட கையோடு முருகேஸ்வரி அக்காவைப் போய்ப் பார்த்தேன். மேலே எந்தத் தோட்டத்தில் எந்த கம்பெனி எடுக்கிறது என்று நேரில் நடந்து பார்த்து எழுதப் போகிறேன், ஜீப்பில் கூட்டிப்போவீர்களா என்று கேட்டேன். கம்பெனி மேப்புக்காக சிக்னல் அளக்கிற கார் ரோட்டோடு போய் ரோட்டோடு திரும்பிவிடும், நீங்கள் வேலை பார்க்கிற சரிவுக்கு அது வராது என்று ஆவேசமாக விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

"வாங்க தம்பி, அதுக்கென்ன. பின்னாடி தொத்திக்கிட்டு நிக்கத் தெரியும்ல? அட்டை கடிக்கும், இப்பவே சொல்லிட்டேன். அப்பறம் சிம்மு கிம்முன்னு எங்ககிட்ட யாவாரம் பண்ணக் கூடாது."

"பண்ண மாட்டேன்க்கா. வேலைய விட்டுட்டேன்."

"ஐயையோ, ஏந்தம்பி? நல்ல வேலையில்ல!"

அங்கேயே சொல்லியிருக்கலாம். டீ கொண்டுவந்து வைத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை போகிறேன். மூன்று கம்பெனி சிம் போட்ட மூன்று போன், ஒரு நீளமான நோட்டு, அட்டைக்கு உப்பு. எழுதி முடித்ததும் ஜீப் ஸ்டாண்டு டீக்கடையில் ஒட்டுவேன், நம் கம்பெனிக்கு எங்கெங்கே கோடு இல்லையோ அதையும் சேர்த்து. நீங்கள் பார்த்தால் கிழித்துவிடாதீர்கள். ஆனால் நோட்டைத் திறப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. ஜீப் மலையேறத் தொடங்கியதும் முருகேஸ்வரி அக்காவிடம் அந்த ஐம்பத்தைந்து நிமிடத்தைச் சொல்லப் போகிறேன். தாஸ் அண்ணன் இருப்பார், மற்றப் பெண்களும் இருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்லப் பார்க்கிறேன்.